கூட்டு எழுத்துத் தளமும் பள்ளி ஆசிரியரும்

(ஆசிரியப் பயிற்றுநர்களுக்காகவும் கல்வித்துறை அலுவலர்களுக்காகவும் நடைபெற்ற பயிற்சி முகாமில் நிகழ்த்திய உரை)



வலைத்தளத்தில் பலர் கூடி எழுதும் முறையை வகுப்பறைக்குக் கொண்டுவர ஆசிரியர்களை எவ்வாறு பழக்குவது என்பது பற்றிப் பேசுமாறு என்னைப் பணித்திருக்கிறீர்கள். பொருள் புதியது போலத் தோன்றினாலும், நம் பள்ளிகளுக்கு இது முற்றிலும் அந்நியமானதன்று. இங்கு அமர்ந்திருப்பவர்களில் நடுவயதைக் கடந்தவர்கள், தங்கள் பள்ளியில் கையெழுத்துப் பத்திரிகை என ஒன்று நடந்ததை நினைவுகூர்வார்கள். நல்ல கையெழுத்துள்ள மாணவன் படியெடுப்பான்; ஓவியம் வருகிறவன் அட்டை வரைவான்; மொழியாசிரியர் சிவப்பு மையால் பிழை திருத்துவார். ஆண்டு விழாவன்று அது தலைமையாசிரியரின் மேசைமீது வைக்கப்படும். மறுநாள் அலமாரிக்குள் போய்விடும். இருப்பது ஒரே ஒரு படி. அதைப் படித்தவர்கள் இருபது பேர் இருந்தால் அதிகம். ஊர்க் கோயிலின் காலத்தை அதில் எவரேனும் தவறாகக் குறித்துவிட்டால், அடுத்த ஆண்டு வரும் மாணவன் அதைத் திருத்தவும் வழியில்லை.

பலர் கூடி எழுதும் தளம் இக்குறைகளைப் பெருமளவு நீக்குகிறது. ஆனால் ஆசிரியரிடம் அது ஒரு விலையைக் கேட்கிறது. கணினியைக் கற்றுக்கொள்வது அந்த விலையில் சிறு பகுதியே. பெரும்பகுதி எது என்பதைச் சற்றுப் பொறுத்துச் சொல்கிறேன்.

தளத்தின் அமைப்பு

1995ஆம் ஆண்டு மார்ச் 25ஆம் நாள், அமெரிக்காவின் ஒரிகன் மாநிலத்தைச் சேர்ந்த வார்ட் கன்னிங்ஹாம் என்னும் மென்பொருள் வல்லுநர் ஒரு தளத்தைத் திறந்துவைத்தார். நிரல் எழுதும் தொழிலில் இருப்போர் தம் அனுபவங்களை ஒருவர் எழுத, மற்றவர் அதிலேயே திருத்தியும் கூட்டியும் வளர்ப்பதற்கு அது அமைக்கப்பட்டது. ஹோனலூலூ விமான நிலையத்தில் முனையங்களுக்கிடையே ஓடிய பேருந்துக்கு 'விக்கி விக்கி' என்று பெயர். ஹவாய் மொழியில் அதற்கு 'விரைவு' என்பது பொருள். அப்பெயரையே அவர் தம் தளத்துக்கு வைத்தார். 2001ஆம் ஆண்டு ஜனவரி 15ஆம் நாள் தொடங்கிய விக்கிப்பீடியா இம்முறையை உலகறியச் செய்தது. மலையாள விக்கிப்பீடியா 2002 டிசம்பரிலும், தமிழ் விக்கிப்பீடியா 2003 செப்டம்பரிலும் தோன்றின.

இத்தகைய தளத்தின் ஒவ்வொரு பக்கத்துக்கும் நான்கு உறுப்புகள் உண்டு எனலாம். படிப்பதற்கான பக்கம் ஒன்று. அதைத் திருத்துவதற்கான 'தொகு' என்னும் பொத்தான் ஒன்று. திருத்துவோர் தங்களுக்குள் கருத்து வேறுபாடுகளைப் பேசித் தீர்த்துக்கொள்ளும் உரையாடல் பக்கம் ஒன்று. நான்காவது, 'வரலாறு' என்னும் பகுதி. இவற்றுக்குப் புறம்பாக, புதியவர் எழுதிப் பழகுவதற்கென ஓர் இடமும் உண்டு. தமிழ் விக்கிப்பீடியாவில் அதற்கு 'மணல்தொட்டி' என்று பெயரிட்டிருக்கிறார்கள். மணலில் விரலால் எழுதி எழுத்தறிந்த நாட்டுக்குப் பொருத்தமான பெயர்தான்.

இவற்றுள் ஆசிரியர் கவனம் கொள்ளவேண்டியது வரலாற்றுப் பகுதி. ஒரு பக்கத்தில் யார், எந்த நாளில், எத்தனை மணிக்கு, எந்தச் சொல்லை நீக்கி எந்தச் சொல்லை இட்டார் என்பது அங்கே வரிசையாகப் பதிவாகிறது. எந்த இரு நிலைகளையும் அருகருகே வைத்து ஒப்பிட்டுப் பார்க்கலாம். தவறான திருத்தம் நேர்ந்துவிட்டால் முந்தைய நிலையை மீட்டுக்கொள்ளலாம். நம் விடைத்தாளில் மாணவன் எண்ணி முடித்தது மட்டுமே தெரிகிறது. எண்ணிய வழி தெரிவதில்லை. அடித்தல் திருத்தல் இல்லாத விடைத்தாளையே நாம் மெச்சி வந்திருக்கிறோம். இங்கோ அடித்தலும் திருத்தலுமே ஆவணம். குழுவாக எழுதும்போது ஒருவன் உழைக்க மற்ற மூவர் பெயர் போட்டுக்கொள்ளும் பழைய தொல்லைக்கும் இதில் ஓரளவு மருந்துண்டு.

கேரளத்தின் அனுபவம்

நம் நாட்டில் இம்முறையைப் பள்ளிகளுக்குப் பெருமளவில் கொண்டுசென்ற முயற்சிகளுள் கேரளத்தின் 'ஸ்கூல் விக்கி' குறிப்பிடத்தக்கது. மாநில அரசு 2001ஆம் ஆண்டில் 'ஐ.டி. அட் ஸ்கூல்' என்னும் திட்டத்தைத் தொடங்கியது. அத்திட்டமே 2017ஆம் ஆண்டில் 'கைட்' என்னும் அரசு நிறுவனமாக வடிவெடுத்தது. ஸ்கூல் விக்கி தொடங்கியது 2009ஆம் ஆண்டு. இவ்விரு ஆண்டுகளுக்கும், அதாவது 2001க்கும் 2009க்கும், இடைப்பட்ட காலத்தில் நடந்தவற்றைப் பலரும் கவனிப்பதில்லை. அந்த எட்டாண்டுகளில் உயர்நிலைப் பள்ளிகளுக்குக் கணினிகள் சென்றன. ஆசிரியர்களுள்ளேயே பயிற்றுநர்கள் தேர்ந்தெடுக்கப்பட்டார்கள். கட்டற்ற மென்பொருளைப் பயன்படுத்துவது என முடிவாயிற்று. மலையாளத்தில் தட்டச்சு செய்வது வகுப்பறைப் பழக்கமாயிற்று. தாய்மொழியில் தட்டச்சு செய்யத் தெரியாத ஆசிரியருக்குக் கூட்டு எழுத்துத் தளத்தைக் காட்டுவது, நீந்தத் தெரியாதவருக்குத் துடுப்புத் தருவதற்கு ஒப்பாகும். நாம் பல இடங்களில் தளத்தை முதலில் திறந்துவைத்துவிட்டுத் தட்டச்சைப் பிறகு நினைக்கிறோம்.

ஸ்கூல் விக்கியில் 15,000க்கும் மேற்பட்ட பள்ளிகளுக்குப் பக்கங்கள் உள்ளன. ஒவ்வொரு பள்ளியும் தன் வரலாறு, பழைய ஆசிரியர்கள், புகழ்பெற்ற முன்னாள் மாணவர்கள், மன்றங்களின் செயற்பாடுகள் ஆகியவற்றை எழுதுகிறது. 'என் ஊர்' என்னும் பகுதியும், வட்டாரச் சொற்களையும் வழக்கங்களையும் திரட்டும் நாட்டார் தகவல் களஞ்சியமும் இருக்கின்றன. மாநிலப் பள்ளிக் கலைவிழாவில் மாணவர்கள் எழுதும் கதைகளும் கவிதைகளும் அதில் ஏற்றப்படுகின்றன. முன்பெல்லாம் போட்டி முடிந்ததும் அந்தத் தாள்களின் கதி என்னவாயிற்று என்று யாருக்கும் தெரியாது.

2020ஆம் ஆண்டில் தொற்றுநோய் காரணமாகப் பள்ளிகள் மூடப்பட்டபோது, 'அட்சரவிருட்சம்' என்னும் பெயரில் மாணவர்களிடமிருந்து படைப்புகள் கோரப்பட்டன. சுற்றுச்சூழல், தூய்மை, நோய்த்தடுப்பு ஆகியவை பொருள்கள். 50,000க்கும் மேற்பட்ட கதைகளும் கவிதைகளும் கட்டுரைகளும் தளத்தில் சேர்ந்தன. தேர்ந்தெடுத்தவை நூல் வடிவிலும் வந்தன. வீட்டுக்குள் அடைபட்ட குழந்தை எழுதிய எட்டு வரி, அதன் பள்ளியின் பெயரோடு ஒரு மாநிலமே காணும் இடத்தில் நின்றது என்பதை நாம் சிறிதாக எண்ணக்கூடாது.

ஆயினும் பாராட்டோடு நின்றுவிடுவது மாணவர்களுக்கும் அலுவலர்களுக்கும் பயன் தராது. பள்ளிப் பக்கங்கள் எல்லாம் ஒரே தரத்தில் இல்லை. சில பள்ளிகளின் பக்கம் ஒரு சிறு நூலாகவே வளர்ந்திருக்கிறது. வேறு சிலவற்றில் முகவரியும் தோற்றுவித்த ஆண்டும் தவிர அதிகம் இல்லை. மேலும், குழந்தை தாளில் எழுதியதை ஆசிரியர் தட்டச்சு செய்து ஏற்றும்போது, அது சேமிப்பாகுமேயன்றிக் கூட்டு எழுத்தாகாது. ஒரு குழந்தை எழுதியதில் மற்றொரு குழந்தை கைவைப்பதில்லை. என் மதிப்பீட்டில் ஸ்கூல் விக்கியின் பெரும் சாதனை, மாணவரைக் கூட்டாக எழுதவைத்தது என்பதைவிட, ஆயிரக்கணக்கான ஆசிரியர்களைப் பொதுவிடத்தில் எழுதவைத்தது என்பதே ஆகும். அதுவே முதற்படி என்று நான் கருதுவதால் இதைக் குறையாகச் சொல்லவில்லை. உயர்நிலைப் பள்ளிகளில் 2018ஆம் ஆண்டு தொடங்கிய 'லிட்டில் கைட்ஸ்' என்னும் மாணவர் மன்றங்கள், அடுத்த படிக்கு மாணவர்களை இட்டுச்செல்லக்கூடியவை.

கர்நாடகத்தில் மற்றொரு வழி பின்பற்றப்பட்டது. அங்கே 2011ஆம் ஆண்டு முதல் உயர்நிலைப் பள்ளிகளின் கணிதம், அறிவியல், சமூக அறிவியல் ஆசிரியர்கள் பாடவாரியாக ஒன்றுசேர்க்கப்பட்டார்கள். அவர்கள் தமக்குள் நடத்திய விவாதங்களின் விளைவாகக் கன்னடத்திலும் ஆங்கிலத்திலும் பாடத்துணைப் பக்கங்கள் கூட்டுத் தளமொன்றில் உருவாயின. கேரளத்தில் பள்ளி என்னும் நிறுவனம் எழுதியது; கர்நாடகத்தில் பாட ஆசிரியர் எழுதினார். தமிழ்நாட்டில் 2017ஆம் ஆண்டு அரசுப் பள்ளி ஆசிரியர்களுக்குத் தமிழ் விக்கிப்பீடியாவில் கட்டுரை எழுதப் பயிற்சி தரப்பட்டது. அத்தளம் ஒரு லட்சம் கட்டுரைகளைக் கடந்ததும் அதே ஆண்டில்தான். இங்கே ஆசிரியர் தம் துறையின் எல்லைக்கு வெளியே, தம்மை அறியாத தன்னார்வலர்களின் நடுவே எழுதவேண்டியிருந்தது. மூன்றும் மூன்று விதமான அனுபவங்கள்.

புனேயில் நேர்ந்தது

வெற்றிகளைக் காட்டிலும் ஒரு தோல்வியிலிருந்து நான் அதிகம் கற்றேன். 2011ஆம் ஆண்டு புனே நகரின் சில கல்லூரிகளில், மாணவர்கள் பாடப் பணியின் ஒரு பகுதியாக ஆங்கில விக்கிப்பீடியாவில் கட்டுரை எழுதும் முன்னோடித் திட்டம் ஒன்றை விக்கிமீடியா அறக்கட்டளை நடத்தியது. ஏறத்தாழ 1,000 மாணவர்கள் பங்குபெற்றார்கள். நோக்கம் சிறந்தது. ஆனால் மாணவர்கள் ஏற்றிய கட்டுரைகளில் பல, பாடநூல்களிலிருந்தும் பிற வலைத்தளங்களிலிருந்தும் வரிக்கு வரி எடுக்கப்பட்டவையாக இருந்தன. அவற்றைக் கண்டுபிடித்து நீக்கும் சுமை, சம்பளமின்றி உழைக்கும் தன்னார்வலர்கள்மீது விழுந்தது. அவர்கள் கடும் எதிர்ப்புத் தெரிவித்தனர். அவ்வாண்டு நவம்பரிலேயே திட்டம் நிறுத்தப்பட்டது.

மாணவர்களுக்கு உதவ நியமிக்கப்பட்டவர்களில் பலரே அத்தளத்துக்குப் புதியவர்கள். பாடம் நடத்திய ஆசிரியர்கள் பெரும்பாலும் அதில் எழுதியவர்களல்லர். எண்ணிக்கையை விரைவாகப் பெருக்கினார்கள். இவை வெளிப்படையான காரணங்கள். ஆனால் இவற்றுக்கு அடியில் வேறொரு காரணம் இருப்பதாக நான் நினைக்கிறேன். பத்தாம் வகுப்பு வரையிலும், பிறகு பன்னிரண்டாம் வகுப்பிலும், பாடநூலில் உள்ளதை உள்ளவாறே எழுதுகிறவனுக்கு நாம் முழு மதிப்பெண் தருகிறோம். சொல்லை மாற்றி எழுதினால் திருத்துபவர் மதிப்பெண்ணைக் குறைத்துவிடுவாரோ என்று பெற்றோரும் அஞ்சுகிறார்கள். பன்னிரண்டு ஆண்டுகள் இப்படி வளர்ந்த மாணவனிடம் கல்லூரியில் கால் வைத்ததும், நீ செய்தது திருட்டு என்று சொன்னால் அவனுக்கு விளங்குமா? அந்த மாணவர்கள் நம்மிடம் கற்றதைத்தான் செய்தார்கள்.

ஆகவே ஆசிரியப் பயிற்சியில் 'பதிப்புரிமை' என்னும் தலைப்பில் அரைமணி நேரச் சொற்பொழிவு வைப்பதால் பயனில்லை. தன் சொல்லில் எழுதுவது எப்படி என்பதைக் கைப்பழக்கமாகத் தரவேண்டும். நான் பின்பற்றிய முறை எளியது. ஒரே செய்தியைக் கூறும் இரண்டு பகுதிகளைப் படிக்கவேண்டும், இரண்டையும் மூடிவைத்துவிட்டு, அருகிலிருப்பவரிடம் வாய்மொழியாகச் சொல்லவேண்டும், சொன்னதை எழுதவேண்டும், பிறகு மூலத்தைத் திறந்து எண்ணும் பெயரும் மட்டும் சரிபார்க்கவேண்டும். இறுதியில், எங்கிருந்து பெற்றோம் என்பதைக் குறிக்கவேண்டும். இதைச் செய்துபார்த்த முதுநிலைப் பட்டதாரி ஆசிரியர்களே முதல் நாளில் திணறினார்கள் என்பதை இங்கே சொல்லிவைக்கிறேன். வகுப்பறைக்குள் கற்பிப்பதற்காக நூற்பகுதியைப் படியெடுக்க 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம் இடம் தருகிறது. அந்தச் சலுகையை நம்பி அதே பகுதியை உலகம் காணும் தளத்தில் ஏற்றிவிடக்கூடாது என்பதையும் ஆசிரியர் அறிந்திருக்கவேண்டும்.

மூன்றாவது மதகு

இப்போது நான் முதலில் குறிப்பிட்ட விலைக்கு வருகிறேன். நான் பணியாற்றிய மாவட்டம் ஒன்றில் சமூக அறிவியல் ஆசிரியை ஒருவர், பயிற்சி முடிந்து சென்றதும் தம் ஊர் ஏரியைப் பற்றி ஒரு பக்கம் எழுதினார். பாசனப் பரப்பு, கரையின் நீளம், கலிங்கு, மதகுகள் என முறையாகவே எழுதியிருந்தார். மதகுகள் இரண்டு என்று குறித்திருந்தார். எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி அதைப் படித்துவிட்டு, மதகு மூன்று என்றாள். மூன்றாவது மதகு தூர்ந்து கிடக்கிறது. அதன் கீழ்தான் அவள் வீட்டு நிலம் இருக்கிறது. ஆசிரியை நேரில் சென்று பார்த்தார். மூன்றாவது மதகு இருந்தது. அம்மாணவியையே அழைத்துத் தளத்தில் திருத்தச் செய்தார். அவளோடு மேலும் இருவர் சேர்ந்து, அந்த மதகு எந்தக் காலம்வரை ஓடியது என்று ஊர்ப் பெரியவர்களிடமும் ஏரித் தண்ணீரைப் பங்கிட்டு வந்த நீர்க்கட்டியிடமும் கேட்டு எழுதினார்கள்.

இதுவரை கேட்டால் நல்ல செய்தியாகவே இருக்கிறது. ஆனால் அடுத்த பயிற்சி வகுப்பில் அந்த ஆசிரியை என்னைத் தனியே சந்தித்து ஒன்று கேட்டார்: "ஐயா, வரலாற்றுப் பக்கத்தில் நான் முதலில் எழுதிய 'இரண்டு' என்பது இன்னும் தெரிகிறது. ஆய்வுக்கு வரும் அலுவலர் அதைப் பார்த்தால் என்ன நினைப்பார்? அதை மட்டும் அழிக்க முடியுமா?"

அந்தக் கேள்விக்கு முன்னால் நான் தலைகுனிந்தேன். மாணவி திருத்தியதை ஏற்றுக்கொள்ள அவருக்குத் தயக்கமில்லை. அவர் அஞ்சியது எங்களைப் பார்த்து. ஆசிரியரின் தவறு வெளியே தெரிந்தால் அது குறிப்பேட்டில் ஏறும், விளக்கம் கேட்கப்படும் என்னும் நிலையில், எந்த ஆசிரியர் பொதுவிடத்தில் எழுதத் துணிவார்? கரும்பலகையில் எழுதிய தவறு மணி அடித்ததும் அழிந்துபோகும். தளத்தில் எழுதிய தவறு பெயரோடும் நேரத்தோடும் நிற்கும். தன் தவறு காணப்பட இடங்கொடுப்பதே ஆசிரியர் தரவேண்டிய விலை. அதை அவர் தரும்போது தண்டிக்காமல் இருப்பது அலுவலர் தரவேண்டிய விலை. இரண்டாவது விலை செலுத்தப்படாத இடத்தில் முதலாவதை எதிர்பார்ப்பது நியாயமாகாது.

என் பங்கையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். ஒவ்வொரு பள்ளியும் வெள்ளிக்கிழமைக்குள் ஐந்து பக்கங்கள் ஏற்றவேண்டும் என்று ஒரு சுற்றறிக்கை ஒருமுறை சென்றது. அதை வரைந்தவன் நான். வெள்ளிக்கிழமைக்குள் பக்கங்கள் வந்து குவிந்தன. மரம் வளர்ப்பின் பயன் பற்றிய ஒரே பத்தி, பள்ளியின் பெயர் மட்டும் மாறி, எண்ணற்ற பக்கங்களில் இருந்தது. இலக்கு நிறைவேறியதாக மேலிடத்துக்கு அறிக்கையும் அனுப்பினோம். புனே மாணவர்களைக் குறைகூற எனக்குத் தகுதியில்லை என்பதற்காகவே இதைச் சொல்லுகிறேன்.

பயிற்சியின் முறை

ஆசிரியர் முதலில் தாமே எழுதவேண்டும். அதன்பின் மாணவரை எழுதவிடவேண்டும். இவ்வரிசை மாறக்கூடாது. முதல் பயிற்சிக்கு ஏற்ற பொருள் தம் ஊரே. மாவட்டத் தலைநகரைப் பற்றி எழுதச் சொன்னால் எங்கிருந்தாவது எடுத்து ஒட்டிவிடலாம். தம் தெருவிலுள்ள கிணற்றைப் பற்றி எங்கும் எழுதியிருக்காது. நடந்துபோய்க் கேட்டுத்தான் எழுதவேண்டும். இரண்டாவதாக, ஓர் ஆசிரியர் எழுதியதை மற்றவர் திருத்தவேண்டும். ஏன் திருத்தினார் என்பதை உரையாடல் பக்கத்தில் மரியாதையோடு எழுதவேண்டும். பயிற்சியின் கடினமான மணிநேரம் இதுதான். வயதிலும் பணிமூப்பிலும் உயர்ந்தவர் எழுதியதில் இளையவர் கைவைக்கத் தயங்குகிறார். அதனால் முதலில் எழுத்துப்பிழை, பிறகு ஆண்டு, பிறகு செய்தி, இறுதியில் கருத்து என்று படிப்படியாகத் திருத்தச் சொல்வது வழக்கம்.

வகுப்பறையில் நாற்பது மாணவர்களை ஒரே பக்கத்தில் எழுதவிடக்கூடாது. ஒரே நேரத்தில் இருவர் திருத்தினால் பின்னவரின் திருத்தம் முன்னவருடையதோடு மோதும், தளம் எச்சரிக்கை காட்டும், குழந்தைகள் மிரண்டுவிடுவார்கள். நால்வர் கொண்ட குழுவுக்கு ஒரு பிரிவு என ஒதுக்கி, செய்தி திரட்டுபவர், எழுதுபவர், சரிபார்ப்பவர், தட்டச்சு செய்பவர் என்று வாரந்தோறும் பணியை மாற்றித் தருவது நல்லது. மதிப்பெண் தருவதானால் எத்தனை வரி எழுதினான் என்று பார்க்கவேண்டாம். பிறர் எழுதியதை எங்கே மேம்படுத்தினான், எதிர்க்கருத்தை எப்படி எதிர்கொண்டான் என்பதை வரலாற்றிலிருந்தும் உரையாடலிலிருந்தும் அறியலாம்.

2022ஆம் ஆண்டு இறுதியில் சாட்ஜிபிடி வெளிவந்தபின், கட்டுரையைக் கருவியே எழுதித் தந்துவிடுகிறதே என்று ஆசிரியர்கள் கவலைப்படுகிறார்கள். முந்நூறு சொற்கள் ஒரே நிமிடத்தில் ஒரு திருத்தமும் இன்றி ஒரு பக்கத்தில் வந்து விழுந்தால், வரலாற்றைப் பார்க்கும் ஆசிரியருக்கு ஐயம் எழும், உறுதி கிடைக்காது. எழுதியவனை அழைத்து, இந்தச் செய்தியை யாரிடம் கேட்டாய் என்று வினவுவதே வழி. மூன்றாவது மதகைப் பற்றி எந்தக் கருவிக்கும் தெரியாது.

குழந்தைகளின் பாதுகாப்புப் பற்றி ஒன்று சொல்லவேண்டும். முழுப்பெயர், முகவரி, தொலைபேசி எண், முகம் தெரியும் படம் ஆகியவற்றைப் பொதுத் தளத்தில் இடக்கூடாது. பதினெட்டு வயது நிரம்பாதவரின் விவரங்களைக் கையாளப் பெற்றோர் ஒப்புதலை 2023ஆம் ஆண்டின் எண்ணிமத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வற்புறுத்துகிறது. ஆசிரியர் அறியாது செய்யும் தவறு ஒன்றுண்டு. தொலைபேசி எண்ணைப் பக்கத்திலிருந்து நீக்கிவிட்டால் போயிற்று என்று எண்ணிவிடுகிறார். அது வரலாற்றில் அப்படியே இருக்கும். தளத்தின் நிர்வாகி அந்தப் பதிவையே மறைத்தாலொழிய எவரும் காணலாம். நிர்வாகி யார், அவரை எப்படி அணுகுவது என்பதைப் பயிற்சியின் முதல் நாளிலேயே எழுதித் தந்துவிடவேண்டும்.

இணைப்பும் உடைமையும்

கருவிகள் எல்லாப் பள்ளிகளிலும் உள்ளனவா என்று கேட்பீர்கள். மத்தியக் கல்வி அமைச்சகத்தின் புள்ளிவிவரப்படி, 2023-24ஆம் ஆண்டில் நாட்டின் பள்ளிகளில் 57.2 சதவீதத்தில் கணினியும், 53.9 சதவீதத்தில் இணைய வசதியும் இருந்தன. 2024-25இல் இவை முறையே 64.7, 63.5 சதவீதமாக உயர்ந்தன. அப்படியிருந்தும் மூன்றில் ஒரு பங்குக்கும் அதிகமான பள்ளிகள் வெளியே நிற்கின்றன. அவற்றுக்கு இரண்டு வழிகளைச் சொல்வேன். கூட்டுத் தளத்துக்கான மீடியாவிக்கி என்னும் மென்பொருள் விலையின்றிக் கிடைக்கிறது. பள்ளியின் ஒரு கணினியில் அதை நிறுவி, இணையமே இல்லாமல் கம்பியிணைப்பு மூலம் மற்றக் கணினிகளிலிருந்து எழுதலாம். கிவிக்ஸ் என்னும் மென்பொருளால் விக்கிப்பீடியாவையே இறக்கிவைத்து இணைப்பின்றிப் படிக்கலாம். கணினியே இல்லாத பள்ளியில், சுவரில் நீண்ட தாள் ஒட்டி, ஒவ்வொரு குழுவுக்கும் ஒரு நிற மை கொடுத்து, எதையும் அழிக்காமல் ஒரே கோட்டால் அடித்துத் திருத்தச் சொல்லலாம். நான் சொல்லும் பழக்கத்தில் பாதி அதிலேயே வந்துவிடும்.

தளம் யாருடையது என்பது அடுத்த கேள்வி. அமெரிக்காவில் 2005ஆம் ஆண்டு தொடங்கிய விக்கிஸ்பேசஸ் என்னும் தனியார் நிறுவனம் பள்ளி ஆசிரியர்களுக்கு இலவச இடம் அளித்தது. பல நாடுகளின் ஆசிரியர்கள் ஆண்டுக்கணக்கில் பாடங்களை அங்கே சேர்த்தார்கள். 2018ஆம் ஆண்டு ஜூலை இறுதியோடு அந்த இலவச வகுப்பறைத் தளங்கள் மூடப்பட்டன. உரிய நேரத்தில் படி எடுத்துக்கொள்ளாதவர்கள் தம் உழைப்பை இழந்தார்கள். கேரளம் கட்டற்ற மென்பொருளைக் கொண்டு, அரசின் பொறுப்பில் தளத்தை வைத்துக்கொண்டதன் அருமை இங்கே விளங்கும். இலவசம் என்னும் சொல்லைக் கண்டதும் சேரும் ஆசிரியர்களுக்கும், ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் அலுவலர்களுக்கும் இதை நினைவூட்டுவது நம் கடமை.

2017ஆம் ஆண்டு தொடங்கிய தீக்ஷா தளம் வேறு வகையைச் சேர்ந்தது. பாடநூலில் அச்சிட்ட குறியீட்டைக் கைப்பேசியால் காட்டினால் பாடத்துணை கிடைக்கிறது. பயனுள்ள ஏற்பாடுதான். ஆனால் அதில் ஆசிரியர் பெரும்பாலும் பெறுபவராகவே இருக்கிறார். பெறுவதற்கு ஒரு நாள் பயிற்சி போதும். எழுதுவதற்கு ஓராண்டு வேண்டும். நம் நிதி ஒதுக்கீடுகள் இந்த வேறுபாட்டைக் காண்பதாகத் தெரியவில்லை.

அலுவலர்களிடம் மூன்று வேண்டுகோள்கள் உண்டு. வாரத்தில் ஒரு பாடவேளையைக் கால அட்டவணையிலேயே இதற்கென ஒதுக்குங்கள். மாலையில் வீட்டுக்குப் போய்ச் செய்யட்டும் என்று விட்டால், வீட்டு வேலையையும் சுமக்கும் ஆசிரியைகளே முதலில் விலகுவார்கள். பக்கங்களின் எண்ணிக்கையைக் கேட்டு அறிக்கைப் படிவம் அனுப்பாதீர்கள். ஆய்வுக்குச் செல்லும்போது வரலாற்றுப் பக்கத்தைத் திறந்து, திருத்தமே நிகழாத பக்கத்தைக் கண்டால் அதைப் பற்றி மட்டும் கேளுங்கள்.

பிற்பகல் அமர்வு கணினி அறையில் நடைபெறும். அங்கே பதினெட்டு இயந்திரங்கள் இருக்கின்றன. ஆகவே இருவர் ஒன்றைப் பகிர்ந்துகொள்ளவேண்டும். இயன்றவரை ஓர் ஆசிரியரும் ஓர் அலுவலரும் சேர்ந்து அமருங்கள். ஆசிரியர் தம் ஊரைப் பற்றிப் பத்து வரி எழுதட்டும். அலுவலர் அதை ஓரிடத்திலாவது திருத்தட்டும். பிறகு இடம் மாறி, அலுவலர் எழுத ஆசிரியர் திருத்தட்டும். நான் எழுதிய பக்கமும் மணல்தொட்டியில் இருக்கிறது. அதில் ஆண்டு ஒன்று தவறாக இருப்பதாகக் காலையிலேயே ஒருவர் சொன்னார். நான் இன்னும் திருத்தவில்லை. உங்களில் யார் வேண்டுமானாலும் திருத்தலாம்.